கொங்கில் கிளர்ச்சிக் காலம் – 17: சீனத்துக்குப் போன சிப்பாய்

சென்ற இதழில் 1805 ஜூலை 31ஆம் நாளில், சங்ககிரிக் கோட்டையில் நிறுத்தினோம். கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்த தீரன் சின்னமலையும் அவருடைய தம்பியரும் தூக்கிலிடப்பட்ட நாள் அது. வரிசைப்படி இந்த இதழில் 1806 வேலூருக்குப் போக வேண்டும். அதற்கு முன்பு வாசகர்களைச் சீனத்துக்கு ஒரு நடை அழைத்துப் போகிறேன். இந்தத் தொடரில் இதுவரை முகம் காட்டாத ஒருவரை அங்கேதான் நன்றாகப் பார்க்க முடிகிறது. அவர் கும்பினிப் படையின் (கம்பெனிப் படையின்) சிப்பாய்.

அங்கே கொண்டுபோய் விட்டது ஒரு சித்திரக்கதை. ஜீன் லுவென் யாங் என்ற சீன வம்சாவளி அமெரிக்கர் எழுதி வரைந்து, 2013இல் வெளிவந்த 'பாக்ஸர்ஸ்', 'செயின்ட்ஸ்' என்ற இரட்டை நூல். வண்ணம் தீட்டியவர் லார்க் பியென். 1900இல் வட சீனத்தை உலுக்கிய பாக்ஸர் கிளர்ச்சிதான் கதை. முதல் நூல் கிளர்ச்சிக்காரனின் பக்கம் நின்று சொல்கிறது. இரண்டாவது, அதே கிளர்ச்சியில் கொல்லப்பட்ட ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் பக்கம் நின்று சொல்கிறது. ஊர்களும் அவையே, ஆண்டுகளும் அவையே, பாதிரியாரும் ஒருவரே. படிக்கிற நமக்குத்தான் நிற்கிற இடம் மாறிவிடுகிறது.

வரலாற்றுத் தொடரில் படக்கதைக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்குத் திருச்செங்கோட்டுக்காரனாக ஒரு பதில் வைத்திருக்கிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925இல் காந்தி ஆசிரமம் தொடங்கினார். மதுவிலக்குக்காக அங்கிருந்து 'விமோசனம்' என்ற மாத இதழ் வந்தது. குடியின் கேட்டைப் படமும் கதையுமாகச் சொன்ன இதழ் அது. எழுத்து வேலையில் ராஜாஜிக்குத் துணையாக இருந்தவர் கல்கி. பின்னாளில் அவர் எழுதிய சரித்திரத் தொடர்கதைகளை மணியம் வரைந்த படங்களோடுதான் தமிழ்நாடு வாரம் வாரம் காத்திருந்து படித்தது. வந்தியத்தேவன் என்றதும் நம் மனக்கண்ணில் வருகிற முகம் மணியம் கொடுத்தது. படத்தோடு சரித்திரம் படிப்பது நமக்குப் பழகிய காரியம்தான்.

யாங்கின் முதல் நூலின் நாயகன் பாவோ. ஷான்டோங் மாநிலத்தில் ஒரு சிற்றூர்ப் பையன். வசந்தகாலத் திருவிழாவுக்கு வருகிற நாடகக் குழு என்றால் அவனுக்கு உயிர். மேடையில் ஆடுகிற பழைய வீரர்களும் தெய்வங்களும் அவனுக்கு உறவுக்காரர்கள் மாதிரி. ஒருநாள் ஊருக்கு வந்த வெள்ளைப் பாதிரியார், மண்ணைக் காக்கும் ஊர்த் தெய்வமான து தி கோங்கின் சிலையைப் பையனின் கண்ணெதிரே உடைக்கிறார். கதையின் விதை அங்கே விழுகிறது. வளர்ந்த பாவோவுக்கு ஒரு சடங்கு கற்றுத்தரப்படுகிறது. அதைச் செய்ததும் உடம்பில் தெய்வம் இறங்கும். சாம்பல் பூத்த வயற்காட்டுப் பிள்ளைகள், கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போவதற்குள் சிவப்பும் பொன்னும் பச்சையுமாக, முகத்தில் அரிதாரம் பூசிய நாடகத் தெய்வங்களாக எழுந்து நிற்கிறார்கள். பாவோவின் மேல் இறங்குவது சீனத்தை முதன்முதலில் ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த பேரரசன் சின் ஷி ஹுவாங். வெள்ளையர் பேசுவது அந்த நூலில் புரியாத கிறுக்கலாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கிறுக்கலைப் பார்க்கும்போதே கிராமத்தான் காதால் கேட்பது போலாகிவிடுகிறது.

கொங்கு நாட்டு வாசகருக்கு இதில் விளக்கம் சொல்ல ஒன்றும் இல்லை. அண்ணன்மார் கதையை உடுக்கையோடு இரவெல்லாம் பாடக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பொன்னரும் சங்கரும் மடிகிற கட்டம் வரும்போது கூட்டத்தில் சிலருக்கு அருள் வரும். படுகளத்தில் விழுந்தவர்கள் செத்தவர்கள்போல் கிடப்பார்கள். தங்காளின் பெயரால் தண்ணீர் தெளித்து எழுப்புவார்கள். வீரப்பூரில் மாசிப் பெரிய காண்டியில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் கதைக்கும் ஆளுக்கும் நடுவே கோடு இல்லை. அந்தக் கதையைக் கனடாவின் மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் பக்கத்தில் பாடகர் வாயிலாகப் பதிவு செய்தார். பிற்காலத்தில் அதை 26 பகுதி கொண்ட இயங்குபடத் தொடராகவும் அவரே உருவாக்கினார். கொங்குக் கதைக்கு இப்படி ஒரு படவடிவம் கிடைத்தது நமக்குக் கிடைத்த பேறு.

ஷான்டோங்கில் நடந்ததும் இதுதான். அங்கே ஊர் நாடக மேடையைக் கோயிலைப் பார்த்துக் கட்டுவார்கள். முதல் பார்வையாளர் சாமி. மூன்று அரசுகளின் கதை, குரங்குவீரன் சுன் வூகோங்கின் கதை எல்லாம் படிக்கத் தெரியாதவனுக்கும் மேடை வழியாக மனப்பாடம். கிளர்ச்சியில் இறங்கிய இளைஞர்கள் மேல் வந்து இறங்கிய தெய்வங்களும் அவைதாம். வாளும் குண்டும் தங்களைத் தொடாது என்று அவர்கள் நம்பினார்கள். அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜோசப் எஷெரிக் 1987இல் வெளியிட்ட ஆய்வில் இந்தத் தொடர்பை ஊர் ஊராகக் காட்டியிருக்கிறார். இதை மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லில் கட்டி மூலையில் போடுகிற வரலாறு எனக்கு உவப்பில்லை. துப்பாக்கிக்கு முன்னால் மண்வெட்டியோடு போய் நிற்க ஒருவனுக்குத் துணிவு எங்கிருந்து வந்தது என்று அது சொல்வதில்லை. குண்டு துளைத்தது. வந்தவர்கள் விழுந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பிறகும் வந்தார்கள்.

கிளர்ச்சிக்காரர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் யிஹெதுவான். கைகால் வீசிச் செய்யும் பயிற்சியைக் கண்ட வெள்ளையர் வைத்த பெயர்தான் பாக்ஸர். பிரச்சினையின் வேர்களில் ஒன்று லியுவான்துன் என்ற ஊரில் இருந்தது. அங்கே ஜேட் பேரரசர் என்ற தெய்வத்தின் கோயில் இருந்த நிலத்தில் தேவாலயம் கட்டலாமா என்ற வழக்கு 1869 முதல் ஒரு தலைமுறைக்கு மேல் இழுத்தது. வெளிநாட்டுப் பாதிரியார் பின்னால் நின்றதால் அதிகாரிகள் அவர் பக்கமே சாய்ந்தார்கள். 1897 நவம்பரில் ஷான்டோங்கின் ஜூயே பகுதியில் இரண்டு ஜெர்மானியப் பாதிரியார்கள் கொல்லப்பட்டார்கள். அதைச் சாக்காக வைத்து ஜெர்மனி ஜியாவ்சோ விரிகுடாவையே எடுத்துக்கொண்டது. 1898இல் மஞ்சளாறு கரை உடைத்தது. அடுத்து மழை பொய்த்தது.

இந்த வறட்சியிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் சேலம் மாவட்டத்துக்கும் ஷான்டோங்குக்கும் நேரடி உறவு இங்கேதான் இருக்கிறது.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்ன 1876–78 பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள் தொகை ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம். 1881இல் அது 16 லட்சமாகக் குறைந்துவிட்டது. பிறப்பு கூட்டியிருக்க வேண்டிய பத்தாண்டில், ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவான மக்கள் கணக்கிலிருந்து காணாமல் போனார்கள். செத்தவர் பாதி, கப்பலேறியவரும் ஊர் விட்டவரும் மீதி என்று எப்படிப் பிரித்தாலும் நெஞ்சு பதறுகிற எண் இது. அதே ஆண்டுகளில், 1876 முதல் 1879 வரை, வட சீனத்திலும் வானம் பொய்த்தது. ஷான்ஷி, ஹெனான், ஷான்டோங் முதலிய மாநிலங்களில் செத்தவர்கள் 90 லட்சத்திலிருந்து 1 கோடியே 30 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். பசிபிக் கடல் சூடேறி, தென்னிந்தியப் பருவமழையையும் வட சீன மழையையும் ஒருசேரக் கெடுத்தது என்று இன்றைய வானிலை அறிஞர்கள் சொல்கிறார்கள். 1899–1900இலும் அப்படியே. இந்தியாவின் மேற்கிலும் நடுவிலும் பெரும் பஞ்சம், வட சீனத்தில் வறட்சி.

மழை பொய்த்தால் நம் ஊர்ப் பக்கம் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். ஏதோ ஒரு பாவிதான் மழையைத் தடுத்து நிறுத்தியிருக்கிறான் என்ற நம்பிக்கை. வைக்கோல் உருவத்தைத் தெருத்தெருவாக இழுத்து, ஒப்பாரி வைத்து, ஊர் எல்லையில் கொளுத்திவிட்டு வருவார்கள். 1900 வசந்தத்தில் வட சீனச் சுவர்களில் ஒட்டப்பட்ட அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்குக் கொடும்பாவிதான் நினைவுக்கு வந்தது. தேவாலயங்கள் வானத்தை அடைத்துவிட்டன, அந்நியரை விரட்டினால்தான் மழை பெய்யும் என்று அந்த அறிக்கைகள் சொல்லின. அங்கே வைக்கோலுக்குப் பதில் மனிதர்கள் கொளுத்தப்பட்டார்கள். செத்தவர்களில் வெளிநாட்டார் சில நூறு பேர். சீனக் கிறிஸ்தவர்கள் ஆயிரக்கணக்கில். மழை பெய்த இடங்களில் கிளர்ச்சிக்காரர் பலர் விதைப்புக்காக ஊர் திரும்பினார்கள் என்பதையும் பால் கோஹென் போன்ற வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சீனக் கிறிஸ்தவர்களில் ஒருத்திதான் யாங்கின் இரண்டாம் நூலில் வருகிறாள். பெற்ற வீட்டில் ஒரு பெயர்கூட வைக்கப்படாதவள். நாலாவது பெண் என்ற எண்ணாலேயே கூப்பிடப்பட்டவள். தாத்தாவிடம் பேயின் பிள்ளை என்று பேச்சு வாங்கியவள். பாதிரியாரிடம் போய்ச் சேர்ந்தபோதுதான் விபியானா என்று அவளுக்கு ஒரு பெயர் கிடைக்கிறது. முதல் நூலில் சாமி சிலையை உடைத்த அதே பாதிரியார் இந்த நூலிலும் வருகிறார். முதல் நூல் வண்ணத்தில் கொதிக்கிறது. இது முழுக்க மங்கிய பழுப்பு. பிரெஞ்சு வீரப்பெண் ஜோன் அவள் முன் தோன்றும்போது மட்டும் பொன் ஒளி. ஜோனும் அந்நியரைத் தன் மண்ணிலிருந்து விரட்டக் கிளம்பிய கிராமத்துப் பெண்தான். பாவோ செய்ததும் அதுவே. இதை யாங் எங்கும் சொல்லிக்காட்டுவதில்லை. படம் சொல்லிவிடுகிறது. கடைசியில் பாவோவின் வாள் விபியானாவின் மேல் விழுகிறது.

2000 அக்டோபர் 1ஆம் நாள் போப் இரண்டாம் ஜான் பால், சீனத்தில் உயிர்விட்ட 120 பேருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். அவர்களில் பெரும்பாலோர் பாக்ஸர் காலத்தில் இறந்தவர்கள். சீன அரசு அதைக் கடுமையாகக் கண்டித்தது. சீனக் கத்தோலிக்கக் குடும்பத்தில் வந்த யாங், அந்தச் சர்ச்சையிலிருந்துதான் இந்தக் கதைக்கு வந்தார். கிளர்ச்சிக்காரரும் தன் ஆட்கள், கொல்லப்பட்டவர்களும் தன் ஆட்கள் என்ற இடத்தில் நின்றவருக்கு ஒரு நூல் போதவில்லை.

சின்னமலை கதைக்கு நம்மிடம் முதல் நூல் இருக்கிறது. கும்மிப் பாட்டாகவும் மேடைப் பேச்சாகவும் ஆடிப் பதினெட்டு நாளில் சங்ககிரியில் கூடுகிற கூட்டமாகவும் இருக்கிறது. அது இருக்க வேண்டியதுதான். இரண்டாம் நூல் நம்மிடம் இல்லை. சமையல்காரன் நல்லப்பன் காட்டிக்கொடுத்தான் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அந்த வீட்டில் என்ன நடந்தது, பணமா, மிரட்டலா, பிள்ளைகுட்டிகள் பிணையாகப் பிடிபட்டார்களா என்று யாரும் கேட்டதில்லை. திருச்செங்கோடும் சங்ககிரியும் நாமக்கல்லும் 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையிலேயே கும்பினி கைக்குப் போய்விட்டன. கலெக்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த மன்றோவும் நிலம் அளந்து வரி கட்டிக்கொண்டிருந்தார்கள். காவிரிக்கு மேற்கே, சின்னமலையின் கோட்டை இருந்த ஓடாநிலையில் 1802இல் சண்டை நடந்தபோது, ஆற்றுக்குக் கிழக்கே இருந்த எங்கள் பக்கத்து உழவர்களுக்குக் கும்பினி வரி பத்து ஆண்டுப் பழக்கம். அவர்கள் சின்னமலையை எப்படிப் பார்த்தார்கள் என்பது ஒரு நூலுக்குரிய கேள்வி.

இந்த இரண்டு நூலிலும் அடங்காத இன்னொருவர் இருக்கிறார். ஓடாநிலைக் கோட்டையைச் சுற்றி நின்றவர். சங்ககிரியில் காவல் நின்றவர். கும்பினிப் படையில் வெள்ளை அதிகாரிகள் கொஞ்சம் பேர்தான். மற்றெல்லாரும் இந்த மண்ணின் ஆட்கள், தமிழும் தெலுங்கும் தக்காண உருதும் பேசியவர்கள். மாதச் சம்பளம் 7 ரூபாய். இன்றைக்கும் எங்கள் ஊர் ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போட வடநாடு முழுக்க மாதக்கணக்கில் சுற்றுகிற பையன்களுக்கு, எந்த ஊர், யார் நிலம் என்பதெல்லாம் பின்னால் வருகிற செய்தி. முதல் செய்தி சம்பளம். சிப்பாய்க்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அவர் கையில் இருந்தது துப்பாக்கி.

வங்காளப் படைச் சிப்பாய்கள் பலர் கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று மறுத்த காலத்தில், சென்னைப் படையினர் கப்பலேறத் தயங்கவில்லை. அதனாலேயே பர்மா, மலாக்கா, சீனம் என்று கிழக்கே எங்கே சண்டை என்றாலும் சென்னையிலிருந்து ஆள் போனது. படைமுகாம்களில் சிப்பாய் குடும்பத்தோடு இருப்பது சென்னைப் படையின் வழக்கம். வெளிநாடு போகிறபோது சம்பளத்தில் ஒரு பகுதியை வீட்டுக்கு எழுதிவைத்துவிட்டுப் போவார்கள்.

1839 ஜூனில் சீன அதிகாரி லின் சசூ, ஹூமன் கடற்கரையில் ஆங்கில வணிகர்களின் இருபதாயிரம் பெட்டிக்கு மேற்பட்ட அபினியைச் சுண்ணாம்பும் உப்புநீரும் விட்டுக் கரைத்து அழித்தார். பீகாரிலும் மாளவத்திலும் விளைந்த அபினி அது. அதற்காகப் பிரிட்டன் தொடுத்த போருக்குச் சென்னையின் சப்பர்களும் (படைப் பொறியாளர்களும்) பீரங்கிப் படையும் போயின. 37ஆம் சென்னைக் காலாட்படையும் போனது. அதன் தலைமைப் பிரிவை ஏற்றிக்கொண்டு 1840இல் புறப்பட்ட 'கோல்கொண்டா' கப்பல் புயலில் சிக்கிக் கரை சேரவே இல்லை. மீதிப் பேர்தான் 1841 மே மாதம் கேன்டன் நகருக்கு வடக்கே குன்றுகளைப் பிடித்த படையில் இருந்தார்கள். தலைவர் ஜெனரல் ஹியூ கோஃப். நகரம் 60 லட்சம் டாலர் கொடுத்துத் தன்னை மீட்டுக்கொண்டது. சண்டை முடிந்துவிட்டது என்றுதான் படையினர் நினைத்தார்கள்.

குன்றுகளுக்குப் பின்னால் சான்யுவான்லி என்ற ஊர். படையினர் அங்கே மாடு, கோழி, தானியம் என்று எடுத்தார்கள். கல்லறைகளைத் திறந்து பார்த்தார்கள். முன்னோர் கல்லறையைத் தொடுவது சீனருக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று சொல்லத் தேவையில்லை. பெண்களிடம் அத்துமீறினார்கள். சீன நினைவில், காய்கறி பயிரிடும் ஒரு விவசாயியின் மனைவியிடம் நடந்த அத்துமீறல்தான் நெருப்பைப் பற்றவைத்தது. இந்தக் குற்றங்களில் சென்னைச் சிப்பாய்களின் பெயரையும் வரலாற்றாசிரியர்கள் சேர்த்தே எழுதுகிறார்கள். நம் ஆட்கள் என்பதற்காக அதை நான் விட்டுவிட முடியாது.

மே 29, 30ஆம் நாட்களில் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். ஈட்டி, வாள், மண்வெட்டி, நீண்ட கழியில் கட்டிய கொக்கி. ஊர்ச் சான்யுவான் கோயிலின் கருங்கொடியின் கீழ் சபதம் எடுத்தார்கள். 30ஆம் தேதி பிற்பகல் இடியும் மழையும் கொட்டியது. வரப்பு எது, வயல் எது என்று தெரியாத வெள்ளம். பின்வாங்கச் சொன்ன உத்தரவில், லெப்டினன்ட் ஹாட்ஃபீல்ட் தலைமையில் 37ஆம் படையின் ஏறக்குறைய 60 சிப்பாய்கள் வழி தவறி நெல்வயலுக்குள் மாட்டிக்கொண்டார்கள்.

அவர்கள் கையில் இருந்தது சிக்கிமுக்கித் துப்பாக்கி. விசையை இழுத்தால் குதிரை விழுந்து, அதில் கடித்திருக்கும் சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும். பக்கத்துக் கிண்ணியில் கொட்டிய மருந்து பற்றி, சிறு துளை வழியாகக் குழலுக்குள் நெருப்புப் போகும். கிண்ணி மருந்து நனைந்தால் எல்லாம் முடிந்தது. அன்று எல்லாத் துப்பாக்கியும் நனைந்திருந்தது. சிப்பாய்கள் நாற்புறமும் முகம் காட்டிச் சதுரமாக நின்று, துப்பாக்கி முனைச் சனியனை நீட்டிக் கொண்டார்கள். கழிகளில் இருந்த கொக்கிகள் அவர்களை வரிசையிலிருந்து ஒவ்வொருவராக இழுக்கப் பார்த்தன. கழியின் நீளத்துக்குத் துப்பாக்கி எட்டாது. மழை கொஞ்சம் விட்டபோது ஒன்றிரண்டு வெடித்தது, மறுபடி நனைந்தது. இருட்டிய பிறகு அவர்களைத் தேடிவந்த கடற்படை வீரர்களிடம் புதிய வகைத் துப்பாக்கி இருந்தது. சிறு செப்புத் தொப்பியைத் தட்டி வெடிக்கிற அதற்கு மழை ஒரு பொருட்டில்லை. கூட்டம் கலைந்தது. ஒரு சிப்பாய் இறந்திருந்தார். அதிகாரி ஒருவரும் சிப்பாய்கள் பலரும் காயம்பட்டிருந்தார்கள்.

பிரிட்டிஷ் கணக்கில் இது ஒரு சின்ன அசம்பாவிதம். படைக்குக் கிரெனடியர் என்ற சிறப்புப் பெயர் கிடைத்தது. போருக்குப் போன சென்னைப் படைகளின் கொடியில் 'சீனா' என்ற சொல்லும் ஒரு டிராகனும் ஏறின. சீனத்தில் இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிற பாடம் சான்யுவான்லி. அந்தக் கோயில் நினைவு அருங்காட்சியகமாக நிற்கிறது. ஏகாதிபத்தியத்தை எதிர்த்துச் சாதாரண மக்கள் எழுந்த முதல் நாள் என்று அதைச் சொல்கிறார்கள். அந்த நாளில் மக்கள் எதிர்த்து நின்றது பெரும்பாலும் யாரை என்று பாருங்கள். வெள்ளத்தில் முழங்கால் வரை நனைந்து நின்ற அந்த 60 பேரில் யாராவது ஒருவர் சின்னமலை செத்த ஆண்டில் பிறந்தவராக இருந்திருந்தால் அவருக்கு வயது 36. தன் ஊரில் கோட்டையைச் சுற்றி நின்ற கும்பினியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, மண்வெட்டி தூக்கிய இன்னொரு நாட்டு உழவன் முன்னால் அவர் நின்றிருப்பார். நெல்வயல் அவருக்குப் புதிதில்லை.

சென்னைச் சிப்பாய்கள் 1900இல் மறுபடி சீனத்துக்குப் போனார்கள். ஜூன் 20இல் பெய்ஜிங்கின் வெளிநாட்டுத் தூதரகங்கள் முற்றுகையிடப்பட்டன. மறுநாள் பேரரசி சிஷி எல்லா வல்லரசுகள் மேலும் போர் அறிவித்தார். 55 நாள் முற்றுகை. ஜூன் 23இல், பழைய நூல்களும் ஏடுகளும் நிறைந்த ஹான்லின் கழகம் எரிந்தது. யாங்கின் பாவோ தன் கையாலேயே அந்த நூலகத்துக்குத் தீ வைக்கிறான். அந்தத் தீயில், தான் நேசித்த பெண்ணையே இழக்கிறான். எட்டு நாட்டுப் படை ஆகஸ்ட் 14இல் நகருக்குள் நுழைந்தது. பிரிட்டன் அனுப்பியதில் பெரும்பகுதி இந்தியப் படை. கழிவுநீர் மதகு வழியாகத் தூதரகப் பகுதிக்குள் முதலில் புகுந்தவர்கள் ராஜபுத்திரரும் சீக்கியரும். சீனத்துக்குப் போன சென்னைப் படைகளில் சப்பர்கள், முதலாம் சென்னைப் பயனியர், பாளையங்கோட்டைப் படை என்று பெயர்பெற்ற 3ஆம் சென்னைக் காலாட்படை ஆகியவை உண்டு. 'சீனா 1900' என்ற சிறப்பு அவற்றின் பெயரோடு சேர்ந்தது. நகரம் பிடிபட்ட பிறகு நடந்த கொள்ளையில் எல்லாக் கொடிக்கும் பங்கு இருந்தது. 1901 செப்டம்பர் உடன்படிக்கையில் சீனத்தின் மேல் சுமத்தப்பட்ட அபராதம் 45 கோடி தேல் வெள்ளி. ஆளுக்கு ஒரு தேல் என்ற கணக்கு அது. வட்டியோடு 39 ஆண்டில் கட்ட வேண்டும்.

அந்தப் படையில் இருந்த இந்தியர் ஒருவர் எழுதிவைத்தார் என்பது பெரிய ஆறுதல். 7ஆம் ராஜபுத்திரப் படையின் தாக்கூர் கதாதர் சிங், சீனத்தில் இருந்த 13 மாதங்களைப் பற்றி இந்தியில் எழுதிய நூல் 1902இல் வெளிவந்தது. தியான்ஜினிலிருந்து பெய்ஜிங் வரை எரிந்த ஊர்களையும் கிடந்த பிணங்களையும் அவர் எழுதினார். சீனர் நம் அண்டை வீட்டார், புத்தரால் நமக்கு உறவு என்று எண்ணிப் பார்த்தார். வென்ற படையில் இருந்துகொண்டே தோற்றவர் பக்கம் மனம் சாய்ந்த மனிதர். இந்தச் சிப்பாயின் குரல் யாங்கின் இரண்டு நூலிலும் சேராத மூன்றாவது குரல். தமிழில் அப்படி எழுதிய ஒரு பாளையங்கோட்டைச் சிப்பாயின் பக்கத்துக்காக எவ்வளவு காலமும் நான் காத்திருப்பேன்.

எழுத்தாக இல்லாவிட்டாலும் பொருளாக இருக்கக்கூடும். 1842இல் முடிந்த போருக்கும் 1900 போருக்கும் பதக்கம் கொடுத்தார்கள். 1900 பதக்கத்தின் ஒரு பக்கம் விக்டோரியா ராணியின் தலை. சண்டைக்காரருக்கு வெள்ளி. கூடப் போன சுமைதூக்கிகள், வண்டியோட்டிகள், வேலைக்காரர்களுக்கு வெண்கலம். நாடா செந்நிறம், இரு ஓரமும் மஞ்சள். விளிம்பில் வாங்கியவரின் பெயரும் படையும் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். முதல் உலகப் போருக்குப் போனவர்களுக்குச் சில ஊர்களில் கல்லாவது நட்டார்கள். சீனத்துக்குப் போனவர்களுக்கு அதுவும் இல்லை. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல், ராசிபுரம் பக்கத்தில் யார் வீட்டுப் பெட்டியிலாவது இப்படி ஒன்று இருந்தால், தாத்தாவின் தாத்தா சீனத்துக்குப் போனார் என்ற பேச்சு இருந்தால், இதழின் முகவரிக்கு எழுதுங்கள். விளிம்பைத் தேய்த்துத் துலக்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படித்து, அப்படியே பார்த்து எழுதி அனுப்பினால் போதும்.

அடுத்த இதழில் 1806 ஜூலை 10, வேலூர். புதிய தலைப்பாகை, காதில் கடுக்கன் கூடாது, நெற்றியில் குறி கூடாது என்ற உத்தரவுகள். சின்னமலை தூக்கிலேறி ஓராண்டு முடிவதற்குள் இந்தச் சிப்பாய் துப்பாக்கியை வேறு பக்கம் திருப்பிய கதை.

(தொடரும்)